லண்டன் பாடத்தை எழுதப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் மாணவர்களுக்காக ஆங்கிலப் பாடநூல்களும் பேச்சு ஆங்கிலக் கையேடுகளும் எழுதித் தரும் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். ராயபுரத்தில் 11 ஆண்டுகளாக மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்தி வருகிறேன். ஆட்டோ ஓட்டுநர்கள், துறைமுகத்தில் சரக்குக் கணக்கு பார்க்கும் இளைஞர்கள், வெளிநாட்டு வேலைக்காகத் தேர்வு எழுதக் காத்திருக்கும் செவிலியர்கள், திருமணத்தால் படிப்பு நின்றுபோன பெண்கள் ஆகியோரே என் மாணவர்கள். இவர்களுக்காக நான் வாங்கிய கையேடுகளில் பெரும்பாலானவற்றில் ஒரு பெருநகரத்தைப் பற்றிய பாடம் இருந்தது. அந்த நகரம் அநேகமாக லண்டனாகவே இருந்தது. லண்டனைப் பாடமாக வைப்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்த நகரத்தை நீங்கள் அறிமுகப்படுத்தும் விதத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு வகுப்பில் ஓர் ஆட்டோ ஓட்டுநர், பக்கிங்ஹாம் அரண்மனையைப் பற்றிய பத்தியை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார். மனமாரப் பாராட்டினேன். பிறகு, சென்ட்ரல் ரயில் நிலையத்தின் வாசலில் ஒரு வெளிநாட்டவர் நின்றுகொண்டு எதிரே இருக்கும் அரசு பொது மருத்துவமனைக்கு எப்படிப் போவது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். அவருக்கு ஓர் ஆங்கிலச் சொல்கூட வரவில்லை. கையைக் கீழே காட்டி, மேலே காட்டி, "சப்வேல எறங்கி அந்தாண்ட ஏறுனா ஆஸ்பத்திரி வந்துடும், டீச்சர். இத எப்படி இங்கிலீஷ்ல சொல்றது?" என்றார். இருபது வருடமாக அந்த இடத்தில் சவாரி ஏற்றி இறக்கியவர் அவர். தான் பார்த்தே இராத அரண்மனைக்கு அவரிடம் ஆங்கிலம் இருந்தது. தினமும் பார்க்கும் சாலையைக் கடக்க ஆங்கிலம் இல்லை. அந்தக் குறை அவருடையது அல்ல, நாம் கொடுத்த பாடத்தினுடையது.

அவர் சொன்ன 'சப்வே' என்ற ஒரு சொல்லிலேயே ஒரு பாடம் இருக்கிறது. சாலைக்கு அடியில் நடந்து போகும் வழியை நாம் அப்படித்தான் சொல்கிறோம், லண்டன்காரர்களும் அப்படியே சொல்கிறார்கள். நியூயார்க்கில் அதே சொல்லுக்குத் தரைக்கடி ரயில் என்று பொருள். லண்டனில் அந்த ரயிலின் பெயர் அண்டர்கிரவுண்ட். மக்கள் வாயில் டியூப். இதைச் சொன்னதும் அதுவரை தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். தங்கள் வாயில் ஏற்கெனவே லண்டன் ஆங்கிலம் கொஞ்சம் இருக்கிறது என்பதை அவர்களுக்கு அதற்கு முன் யாரும் சொன்னதில்லை.

ஊர்ப் பெயர்களும் அப்படித்தான். தமிழில் நாம் தேம்ஸ் என்று எழுதிப் பழகிய ஆற்றை அவ்வூர் மக்கள் டெம்ஸ் என்கிறார்கள். லெய்செஸ்டர் என்று படிக்கத் தோன்றும் எழுத்துகளை லெஸ்டர் என்றும், கிரீன்விச் என்று தோன்றுவதைக் கிரெனிச் என்றும் சொல்கிறார்கள். இந்தப் பட்டியலைக் கண்டு மாணவர்கள் மிரண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் கரும்பலகையில் நம்முடைய திருவல்லிக்கேணியை ஆங்கிலேயர்கள் எழுதி வைத்தபடி எழுதிக் காட்டுவேன். லண்டனிலிருந்து வரும் ஒருவர் அதை டிரிப்ளிகேன் என்றுதான் படிப்பார்; பக்கத்தில் எழும்பூர் எக்மோர் ஆகி நிற்கும். எழுத்தை நம்பி ஊர்ப் பெயரைச் சொல்ல முடியாது, அந்த ஊர்க்காரரிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்பது அந்த நொடியில் புரிந்துவிடுகிறது. 'இந்தப் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?' என்று கேட்கும் வாக்கியத்தை உடனே கற்றுக்கொடுத்துவிடுகிறேன்.

இங்கே ஒரு பிழையையும் குறிப்பிட வேண்டும். நான் வாங்கிய ஒரு கையேட்டில், இரட்டைக் கோபுரங்களோடு நடுவில் திறந்து மூடும் பாலத்தின் படத்துக்குக் கீழே லண்டன் பிரிட்ஜ் என்று அச்சிட்டிருந்தார்கள். அது 1894இல் திறக்கப்பட்ட டவர் பிரிட்ஜ். லண்டன் பிரிட்ஜ் என்பது சற்று மேற்கே உள்ள, பார்வைக்கு மிகச் சாதாரணமான வேறொரு பாலம். அதற்கு முன் அவ்விடத்தில் இருந்த பாலம் 1968இல் விற்கப்பட்டு, அதன் கற்கள் கப்பலேறி அமெரிக்காவின் அரிசோனாவுக்குப் போய்விட்டன. பிக் பென் என்பதும் முதலில் மணிக்கூண்டின் பெயரன்று, உள்ளே தொங்கும் பெரிய மணியின் பெயர். கூண்டுக்கு 2012இல் எலிசபெத் டவர் என்று பெயரிட்டார்கள். நம்பிப் படிக்கும் மாணவருக்குப் பிழையான படத்தைக் கொடுக்கக் கூடாது.

இனி நான் மிக முக்கியமாகக் கருதுவதற்கு வருகிறேன். நீங்கள் எழுதும் நகரத்தில் மக்கள் இல்லை, சிரமமும் இல்லை. எல்லாம் மெழுகுப் பொம்மையைப் போல அழகாக நிற்கின்றன. லண்டனுக்கு வேலைக்குப் போகவிருந்த செவிலியர் ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அங்க பஸ்ல கண்டக்டர் கிட்ட சில்லறை குடுக்கணுமா, டீச்சர்?" என்பது. எந்தக் கையேட்டிலும் அதற்கு விடை இல்லை. லண்டன் பேருந்துகளில் 2014 முதல் ரொக்கப் பணம் வாங்குவதில்லை. ஆய்ஸ்டர் என்ற பயண அட்டையையோ வங்கி அட்டையையோ கருவியில் தொட்டுவிட்டு ஏற வேண்டும். டியூப் நிலையங்களின் நகரும் படிக்கட்டில் வலப்பக்கம் நின்று, இடப்பக்கத்தை நடந்து போகிறவர்களுக்கு விட வேண்டும். முதல் நாள் காலையில் அந்தப் பெண்ணுக்குத் தேவைப்படுவது இதுவும் இதைச் சார்ந்த நான்கு கேள்விகளும்தான்.

தூய்மையான லண்டனை மட்டும் காட்டுவதால் மாணவர்கள் இழப்பது இன்னொன்று. 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்ஸ் ஆறு கழிவுநீரால் நாறி, நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சலவைத்தூள் (சுண்ணாம்புக் குளோரைடு) கரைசலில் நனைத்துத் தொங்கவிட வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் ஜோசப் பசல்ஜெட் என்ற பொறியாளரின் திட்டப்படி நகருக்கு அடியில் பெரிய கழிவுநீர்க் கால்வாய்கள் கட்டப்பட்டன. அப்படியும் 1957இல், ஆற்றின் பல பகுதிகளில் உயிரே இல்லை என்று ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பல ஆண்டுகள் கழிவைத் தடுத்துச் சுத்திகரித்த பின்னர் மீன்கள் திரும்பி வந்தன. இதை நான் வகுப்பில் சொன்ன மாலை, வழக்கமாக வாயே திறக்காத ஓர் அம்மா எழுந்து, கூவத்தில் தன் பாட்டி குளித்த கதையை, 'யூஸ்ட் டு' என்ற தொடரை மூன்று முறை தேடிப் பிடித்து, ஆங்கிலத்திலேயே சொல்லி முடித்தார். முன்பு இருந்தது, இப்போது இல்லை என்று சொல்வதற்கான அந்த இலக்கணத்தை நான் ஆறு வாரம் பயிற்சித் தாள் கொடுத்தும் அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இருந்தது. கூவமும் இப்படி ஆகுமா என்ற கேள்வியில் அன்றைய வகுப்பு எட்டரை மணி வரை நீண்டது.

வரைபடத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். டியூப் ரயிலின் இன்றைய வரைபடத்துக்கு அடிப்படையாக, 1933இல் வெளியான ஹாரி பெக்கின் வரைபடம் தூரத்தையும் வளைவையும் விட்டுவிட்டு, மின்சுற்றைப் போல நேர்கோடுகளையும் நிறங்களையும் மட்டும் காட்டியது. நம் மெட்ரோ வரைபடமும் அந்த வழியில் வந்ததே. உயர் நீதிமன்ற நிலையத்தில் நீலத் தடத்தில் ஏறி, சென்ட்ரலில் பச்சைத் தடத்துக்கு மாறி, கோயம்பேட்டில் இறங்குவதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரிந்தவர், ஹீத்ரு விமான நிலையத்தில் பிக்கடிலி தடத்தில் ஏறி, கிரீன் பார்க்கில் விக்டோரியா தடத்துக்கு மாறுவதையும் அதே வாக்கியங்களால் சொல்லிவிடுவார்.

ஆகவே என் வேண்டுகோள் இது. அடுத்த பதிப்பில் லண்டன் பாடத்துக்கு முன்னால் சென்னையை வையுங்கள். இரண்டையும் ஒரே வகைக் கேள்விகளால் நடத்துங்கள். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த கணித மேதை ராமானுஜன் 1914 மார்ச்சில் இங்கிருந்துதான் லண்டனுக்குக் கப்பலேறினார். எங்கள் வகுப்பிலிருந்து அந்தத் துறைமுகத்துக்கு நடந்தே போய்விடலாம். அவருடைய பயணத்தை இரு நகரங்களுக்கும் இடையிலான பாடமாக எழுதினால், எங்கள் துறைமுக இளைஞர்கள் அதை யாரும் கட்டாயப்படுத்தாமலே படிப்பார்கள்.

பாடத்தை அச்சுக்கு அனுப்பும் முன் உங்களில் ஒருவராவது எங்கள் வகுப்புக்கு வந்து, கையெழுத்துப் பிரதியை மாணவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். செவ்வாயும் வியாழனும் மாலை ஆறரைக்குத் தொடங்குகிறோம்.

அன்புடனும் மரியாதையுடனும்,
ராயபுரத்து மாலை வகுப்பு ஆசிரியை