மாலு என்றால் மீன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் நெடுங்காலம் மேடையை ஆண்ட பாடகர்களைப் பற்றிப் பல பக்கங்கள் போட்டிருந்தீர்கள். படங்கள் அருமை. ஆனால் இரண்டு இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. தமிழில் பாப் இசை தொண்ணூறுகளில்தான் பிறந்தது என்று எழுதியிருந்தது ஒன்று. போகிற போக்கில் 'சுராங்கனி போன்ற அர்த்தமில்லாத ஜாலிப் பாட்டுகள்' என்று ஒரு வரி வந்ததே, அது இன்னொன்று. முதலாவதை விட்டுவிடலாம். இரண்டாவதை, இலங்கைப் பாடகர் சிலோன் மனோகர் பாடிய அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்த எங்கள் கரைக்காரன் எவனும் விடமாட்டான்.

நான் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்தில் ஏறக்குறைய 40 வருடம் ரேடியோ செட் போட்டவன். கல்யாணம், காதுகுத்து, தேவாலயத் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் தென்னை மரத்தில் ஏறிக் குழாய் கட்டியிருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் ஊரிலிருந்து சென்னை 500 கிலோமீட்டருக்கு மேல். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர்தான். ரேடியோவுக்கும் இதே கணக்குத்தான். மீடியம் வேவ் என்கிற மத்திய அலைக்கு உப்புத் தண்ணீர் நல்ல தார் ரோடு மாதிரி, வழுக்கிக்கொண்டு வந்து சேரும். நம் நிலையங்களைப் பிடிக்கத் திருகித் திருகி விரல் தேய்ந்த நாளில், கொழும்பு வானொலி மட்டும் பக்கத்து வீட்டில் பேசுவதுபோலக் கேட்கும். கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் எங்களுக்கு வெறும் அறிவிப்பாளர்களா? வீட்டு மனுஷர்கள். சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே 'பொப்பிசை' என்று சொல்லி ஒரு பாட்டைச் சுழலவிடுவார்கள். அந்தச் சொல்லே எங்களுக்கு 'பாப்' என்று வரவில்லை, 'பொப்' என்றுதான் வந்தது. நீங்கள் சொல்கிற தொண்ணூறுக்கு 20 வருடம் முன்னாலேயே வந்துவிட்டது.

அந்தப் பொப்பிசைக்கு ராஜா என்றால், ஏ.ஈ. மனோகரன்தான். அந்தக் கரையில் பொப்பிசைச் சக்கரவர்த்தி. அங்கே இருந்தவரை அவருக்கு ஊர்ப் பெயர் தேவைப்படவில்லை. இங்கே வந்ததும் ஊரே பெயராகி 'சிலோன் மனோகர்' ஆனார். ஒரு சின்னத் திருத்தமும் இங்கே சொல்லிவிடுகிறேன். 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' இரண்டையும் பலர் இவர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அவை நித்தி கனகரத்தினத்தின் பாட்டுகள். பொப்பிசை ஒரே ஆள் போட்ட கடை இல்லை, அது ஒரு தெரு. மனோகரன் அந்தத் தெருவின் முகப்பில் நின்று எல்லோரையும் உள்ளே அழைத்தவர்.

மெட்டும் தாளமும் பைலாவினுடையவை. போர்த்துக்கீசியர் விட்டுப்போனதும் ஆப்பிரிக்கர் கொண்டுவந்ததும் கலந்து இலங்கைக் கடற்கரையில் ஊறிய இசை அது. நம் கணக்கில் திஸ்ர நடை, மும்மூன்றாக எண்ணுகிற தாளம் என்று வையுங்கள். கால் சும்மா இருக்காது. கல்யாண வீட்டில் எவ்வளவு விறைப்பாக உட்கார்ந்திருக்கும் சம்பந்தியும் இந்தத் தாளத்துக்குக் கட்டைவிரலையாவது ஆட்டிவிடுவார். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும்.

இப்போது சுராங்கனிக்கு வருகிறேன். முதல்முறை கேட்டபோது எனக்கும் பொருள் தெரியாது. தலைமன்னாரில் கடை வைத்திருந்து ஊர் திரும்பிய என் தாய்மாமாதான் சொன்னார். 'மாலு' என்றால் சிங்களத்தில் மீன். சுராங்கனிக்கு மீன் கொண்டுவந்திருக்கு, இப்பத்தான் கொண்டுவந்த மீன், அவ்வளவுதான் சேதி. "ஏலத்துல நாம கத்துறத அவன் பாட்டாக்கிட்டான்டா மாப்ளே" என்று சிரித்தார். மறுநாள் காலை கரைக்குப் போனால் பையன்கள் பாரைக்கும் சூடைக்கும் அதே மெட்டில் விலை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மாமா இரவோடு இரவாக ஊருக்கே மொழிபெயர்த்துவிட்டிருந்தார்!

ராமேஸ்வரத்துக்குச் சுற்றுலா வரும் பிள்ளைகளும் ரயிலில் பாம்பன் பாலம் தாண்டும்போது இதைப் பாடிக்கொண்டுதான் வருவார்கள். கைதட்டல் நன்றாக இருக்கும். மாலு என்பது சுராங்கனியின் தங்கச்சி பெயர் என்று நினைத்துப் பாடுவார்கள். பாவம், திருத்தியதில்லை. உங்கள் கட்டுரையாளரும் அந்த ரயிலில் ஒருமுறை வந்திருப்பாரோ என்னவோ.

பாட்டு ராமேஸ்வரம் - தலைமன்னார் கப்பலில்தான் எங்களிடம் வந்தது. 'ராமானுஜம்' கப்பலில் இறங்குகிறவர்கள் பெட்டியில் சோப்பு, கிராம்பு, கூடவே இசைத்தட்டு. அப்படி ஒருவர் கொண்டுவந்த தட்டை என் அப்பா விலைக்கு வாங்கினார். ஒரே கல்யாணத்தில் 11 தடவை போட்ட நாள் உண்டு. முள் தேய்ந்து, தட்டும் தேய்ந்து, கடைசியில் சுராங்கனிக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி ஆனது. அப்போதும் விடவில்லை.

அப்புறம்தான் நீங்கள் மைல்கல் என்று எண்ணுகிற விஷயங்கள் நடக்கின்றன. 1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் இந்தப் பாட்டு வந்தது. பாடியவர் மலேசியா வாசுதேவன். தமிழ்நாடு முழுக்கப் பரவியது. மனோகரன் தன் குரலில் மூட்டிய நெருப்பு வேறொரு குரலில் பற்றிக்கொண்டது என்று சொல்வேன். வாசுதேவன் பாடியது குறைச்சல் இல்லை, ஆனால் எங்கள் கரையில் கூட்டம் கேட்டது 'பழைய தட்டை'த்தான்.

1978-இல் இலங்கையில் 'வாடைக் காற்று' படம் வந்தது. செங்கை ஆழியான் நாவல், அதில் மனோகரன் நடித்தார். வாடை அடிக்கும் பருவத்தில் தீவில் வந்து வாடி என்கிற குடிசை போட்டுத் தங்கும் மீனவர்களின் கதை. வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றைப் பார்த்து வருஷத்தைக் கணக்கிடும் எங்களுக்கு அந்தத் தலைப்பே போதும். அவர் நடித்ததில் எனக்கு மனதில் நிற்பது அது ஒன்றுதான். பிறகு சென்னைக்கு வந்து தமிழ், மலையாளப் படங்களில் வில்லனாகவும் அடியாளாகவும் நிறைய வந்தார். அதைப் பட்டியல் போட்டு வாழ்த்துகிறவர்கள் வாழ்த்தட்டும். ஒரு கூட்டத்தையே எழுப்பி ஆடவைக்கத் தெரிந்தவரைக் கூப்பிட்டு, கதாநாயகனிடம் உதை வாங்க வைத்தது கோடம்பாக்கம். எனக்கு அதில் இன்றும் கோபம்தான்.

எண்பதுகளில் இலங்கையில் சண்டை தொடங்கியது. கப்பல் நின்றது. வேறு படகுகள் வந்தன, இரவில், பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு. மண்டபம் அகதிகள் முகாமில் ஒரு கல்யாணத்துக்கு ரேடியோ செட் கட்டப் போயிருந்தேன். இலங்கைக்காரர்கள்தானே, சந்தோஷப்படுவார்கள் என்று மனோகரன் கேசட்டுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போனேன். பைலா போட்டதும் பையன்கள் எழுந்து ஆடினார்கள், பெரியவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கேசட்டிலேயே இலங்கையைத் தாய்த்திருநாடு என்று அவர் பாடிய பாட்டும் இருந்தது. அது தொடங்கியதும் மாப்பிள்ளையின் பெரியப்பா என்னிடம் வந்து, "தம்பி, அத மட்டும் விட்டுருங்கோ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் கேசட்டை ஓட்டித் தள்ளினேன். நல்ல பாட்டு. அதற்குப் பிறகு எந்த முகாமிலும் அதை நான் போட்டதில்லை.

2018 ஜனவரி 22-ஆம் தேதி, 73 வயதில், சென்னையில் மனோகர் இறந்துபோனார். அன்று கடையில் எனக்கு வேலை ஒன்றுமில்லை. ரேடியோ செட்டை யார் கூப்பிடுகிறார்கள் இப்போது? பேத்தியின் போனில் அவர் குரலைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். தேய்மானம் இல்லாமல் சுத்தமாக இருந்தது. எனக்கு என்னமோ பிடிக்கவில்லை. கரகரப்புக்குப் பழகிய காது.

என் கோரிக்கை சின்னது. அவருக்குத் தனியாக எட்டுப் பக்கம் வேண்டாம். அந்தக் கட்டுரையில் 'அர்த்தமில்லாத' என்ற ஒரு சொல்லை மட்டும் அடுத்த இதழில் திருத்திப் போடுங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு நாள் விடியலுக்கு முன் எங்கள் ஊர் ஏலத்துக்கு வாருங்கள். இப்பத்தான் கொண்டுவந்த மீன் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பழைய ரேடியோ செட்காரர்,
தங்கச்சிமடம்.