சனிக்கிழமை ராத்திரிப் பட்டியல்: ஆயர்களுக்கும் பாடகர் குழுத் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆயர்களே, பாடகர் குழுத் தலைவர்களே, ஆர்கன் வாசிப்பவர்களே,

ஸ்தோத்திரம். ஆங்கிலிக்கன் ஆலயங்களில் ஞாயிற்றுக்கிழமை என்ன பாடுவது என்று முடிவு செய்கிறவர்கள் நீங்கள். நான் அதைப் பாடுகிறவன். பாடகர் குழுவின் பேஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) வரிசையில் இருபது வருஷத்துக்கு மேலாக நிற்கிறேன், அதற்கு முன்னால் பெஞ்சில் நின்று பாடினேன், அதனால் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். ஒரு ஞாயிறு நடந்ததை மனதிலிருந்து இறக்கி வைக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு அது. எந்த ஞாயிறு எந்த வேதபாடம் என்று சொல்லும் மூன்று வருட வாசக அட்டவணையில் எந்த வருடமானாலும் அன்றைய நற்செய்தி யோவான் 20தான்: பூட்டிய கதவுகள், உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தில் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற தோமா. எங்களுக்குப் பாட்டுப் பட்டியல் சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. ஐந்து பாட்டு. தோமா எதிலும் இல்லை. உயிர்த்தெழுதலே ஒன்றில்தான் இருந்தது. அந்த ஒன்றையும் எல்லோருக்கும் தெரிந்த ராகத்தில் வைக்காமல், புத்தகத்தில் இருந்த இரண்டாவது ராகத்தில் போட்டிருந்தார்கள், சபையாருக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜனங்கள் பழைய ராகத்தில் தைரியமாக ஆரம்பித்து, நாலாவது சொல்லில் ஆர்கனோடு மோதி, ஒவ்வொருவராகக் குரலை இறக்கிக்கொண்டார்கள். இரண்டாவது சரணத்தில் பாடிக்கொண்டிருந்தது நாங்கள் பதினோரு பேர் மட்டும். எனக்கு நேரே, இரண்டாவது பெஞ்சில், எப்போதும் புத்தகத்தைப் பார்க்காமலே பாடும் ஒரு வயதான அம்மா நிற்பார். அன்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிகளை விரலால் பின்தொடர்ந்து பார்த்தார், பிறகு விரலை உள்ளே வைத்தபடியே புத்தகத்தை மூடி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். கடைசிப் பாட்டு வரைக்கும் அந்த விரல் வெளியே வரவில்லை.

யாரும் வேண்டுமென்று அப்படிச் செய்யவில்லை, எனக்குத் தெரியும். வாரம் முழுக்க வீடு சந்திப்பு, அடக்க ஆராதனை, கமிட்டி, கணக்கு என்று ஓடிவிட்டு ராத்திரி பத்து மணிக்கு ஒருவர் தனியாக உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டினால் இப்படித்தான் நடக்கும். அதனால்தான் கேட்கிறேன்: பட்டியலை அந்த நேரத்தில், அப்படித் தனியாக உட்கார்ந்து போடாதீர்கள்.

பிரசங்கம் பிரசங்கியார் வாயிலிருந்து வருவது. வேதபாடங்களை ஒருவர் வாசிக்கிறார். ஞானப்பாட்டு மட்டும்தான் சபையார் எல்லோரும் தங்கள் சொந்த வாயால், ஒரே மூச்சில், விசுவாசத்தைச் சொல்லும் இடம். விசுவாசப் பிரமாணமும் கர்த்தருடைய ஜெபமும் உண்டே என்று கேட்பீர்கள், உண்டுதான், ஆனால் அவை வாராவாரம் மாறுவதில்லை. அன்றைய வேதவசனத்துக்கு ஜனங்கள் பதில் சொல்வது பாட்டில்தான். அதற்கான வார்த்தைகளை நீங்கள்தான் அவர்கள் வாயில் வைக்கிறீர்கள்.

இது நம் திருச்சபைக்குப் புதிய கவலையும் இல்லை. 1544-ல் இங்கிலாந்தில் பேராயர் கிரான்மர் எட்டாம் ஹென்றி மன்னருக்கு எழுதிய கடிதத்தில், ஊர்வல ஜெபங்களுக்கான இசை சுரங்களால் நிரம்பி வழியக்கூடாது, முடிந்தவரை ஓர் அசைக்கு ஒரு சுரம் என்று இருக்க வேண்டும் என்கிறார். அந்த முறையிலேயே 1550-ல் ஜான் மெர்பெக் புதிய ஜெபப் புத்தகத்துக்கு எளிய இசை அமைத்தார். 1559-ல் முதலாம் எலிசபெத் ராணியின் கட்டளைகள், பொது ஜெபத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ ஒரு பாட்டுக்கு இடம் கொடுத்தன, முடிந்த அளவு நல்ல இசையில் பாடலாம், ஆனால் பாட்டின் பொருள் கேட்கிறவர்களுக்கு விளங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனையை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். நல்ல இசையா, விளங்கும் வார்த்தையா என்று நம்மை அது சண்டைக்கு விடவில்லை, இரண்டும் வேண்டும் என்றது.

அப்புறம் நெடுங்காலம் சங்கீதங்களின் செய்யுள் வடிவங்கள்தான் ஆலயங்களில் ஓங்கி நின்றன. மனிதர் எழுதிய பாமாலைகளை ஆராதனைக்குள் கொண்டுவரலாமா என்பதே வழக்காகிப் போனது: ஷெஃபீல்டில் தாமஸ் காட்டரில் என்ற குருவானவர் ஒரு பாட்டுத் தொகுப்பைக் கொண்டுவந்தபோது அவருடைய சபையாரே திருச்சபை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1820-ல் யார்க் பேராயர் தலையிட்டு சமரசம் செய்தார், பாமாலைகளுக்கு அங்கிருந்துதான் நிஜமாகவே வழி திறந்தது. இன்றைக்கு ஐந்து பாட்டுகளை ஐந்து நிமிடத்தில் எழுதி அனுப்பும் சுதந்திரம் நமக்கு அப்படி வந்ததுதான்.

அந்தக் காலத்து மனிதர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ரெஜினால்ட் ஹீபர். ஆட்களைப் பாடவைக்கப் பாட்டு வேண்டும் என்று மட்டும் அவர் நினைக்கவில்லை. ஹாட்னெட் என்ற கிராமத்தில் ஆயராக இருந்தபோதே, திருச்சபை வருடத்தின் ஞாயிறுகளுக்கு ஏற்ப, அன்றைய நிருபத்தையும் நற்செய்தியையும் முன்னால் வைத்துப் பாட்டுகளை எழுதிச் சேர்க்கத் தொடங்கினார். 1823-ல் கல்கத்தாவின் பேராயராக வந்தார், 1826 ஏப்ரல் 3-ம் தேதி திருச்சிராப்பள்ளியில் காலமானார், தொகுப்பு அடுத்த வருடம்தான் புத்தகமாக வெளிவந்தது. 'தூய, தூய, தூயா' என்று நாம் தமிழில் பாடுவது அவர் திரித்துவ ஞாயிறுக்கென்று எழுதிய பாட்டு. இருநூறு வருடம் ஆகப்போகிறது, அந்த ஞாயிறுக்கு அதை எடுத்தால் இன்றும் சபை எழுந்து நின்று பாடுகிறது. காரணம், அந்த நாளை மனதில் வைத்து எழுதிய பாட்டு அது.

ஆகவே முதலில் வாசக அட்டவணையைத் திறங்கள், பிறகு பாட்டுப் புத்தகத்தை. திருத்திய பொது வாசக அட்டவணை 1992-லிருந்து நம் கையில் இருக்கிறது. ஒரு வருடம் மத்தேயு, ஒரு வருடம் மாற்கு, ஒரு வருடம் லூக்கா. அடுத்த லெந்து காலத்தின் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) நாலாவது ஞாயிறுக்கு என்ன வாசிப்போம் என்று இன்றைக்கே சொல்லிவிடலாம். அப்படியிருக்க, பாட்டு மட்டும் ஏன் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டும்? அந்த தோமா ஞாயிறுக்கே, பதினைந்தாம் நூற்றாண்டில் ஜான் டிஸ்ஸரான் என்ற துறவி லத்தீனில் எழுதி, ஜான் மேசன் நீல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த ஈஸ்டர் பாட்டு இருக்கிறது. சரணம் சரணமாக தோமாவின் கதையைச் சொல்கிறது, நடுவில் அல்லேலூயா. ஒரு வாரம் முன்னால் யோசித்திருந்தால் அதை எடுத்திருக்கலாம்.

இங்கிலாந்து திருச்சபையின் சட்டவிதிகளில் பி 20 என்று ஒன்று உண்டு. பாட்டு, சங்கீத ராகம், ஆந்தம் (பாடகர் குழு மட்டும் பாடும் பாட்டு) இவற்றைத் தேர்வு செய்வதில் ஆர்கன் வாசிப்பவர் அல்லது பாடகர் குழுத் தலைவரின் ஆலோசனைக்கு ஆயர் உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும், கடைசிப் பொறுப்பும் முடிவும் ஆயருடையது என்கிறது அது. பல இடங்களில் இரு தரப்பும் இதில் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே விதியில் இன்னொரு வரி இருக்கிறது: வார்த்தையும் இசையும் ஆராதனைக்குப் பொருந்த வேண்டும், அதற்காகக் கூடியிருக்கும் சபைக்கும் பொருந்த வேண்டும். கூடியிருக்கும் சபை என்றால் உண்மையாகவே வந்து நிற்கிறவர்கள். அந்த இரண்டாவது பெஞ்சு அம்மா. அவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு நிற்கிற, ஒரு கையால்தான் புத்தகம் பிடிக்க முடிகிற தகப்பன்.

தயவுசெய்து சரணங்களை நேரத்துக்காக வெட்டாதீர்கள். வெட்டத்தான் வேண்டும் என்றால் வாசித்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். வில்லியம் வைட்டிங் 1860-ல் கடலில் போகிறவர்களுக்காக எழுதிய பாட்டு நாலு சரணம்: பிதா, குமாரன், பரிசுத்த ஆவி, கடைசியில் திரித்துவம். 'மூன்றாவதை விட்டுவிடலாம்' என்று ஆர்கன் பக்கம் கையைக் காட்டினால் விடுபடுவது பரிசுத்த ஆவியானவர். இதை நான் ஒரு முறை நேரில் பார்த்தேன், அதுவும் பெந்தெகொஸ்தே வாரத்தில். நேரம் போதாதென்றால் சின்னப் பாட்டாக எடுங்கள். நற்செய்திக்கு முன்னால் வருவது சின்னதாக இருப்பதே அழகு. காணிக்கை எடுக்கும்போது நீளமாக இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

சுருதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பயிற்சி பெற்ற சொப்ரானோவுக்கு (பெண்களின் மேல்குரல்) எட்டுகிற மேல் சுரம், காலை எட்டு மணிக்குத் தூக்கக் குரலோடு வந்து நிற்கும் ஒரு அப்பாவுக்கு எட்டாது. மேல் 'டி' வரை பெரும்பாலானவர்கள் வருவார்கள், 'ஈ'யில் பாதிப் பேர் வாயை மூடிவிடுவார்கள், அல்லது கீழ் ஸ்தாயிக்கு இறங்கி முணுமுணுப்பார்கள். 1906-ல் வந்த ஆங்கிலப் பாமாலைப் புத்தகத்துக்கு இசைப் பதிப்பாசிரியராக இருந்த ரால்ஃப் வாகன் வில்லியம்ஸ், பலவகைக் குரல்கள் கலந்த சபையை நினைத்தே சுருதியை முடிந்தவரை கீழே வைத்தார். சாதாரண ஜனங்கள் பாடிவந்த நாட்டுப்புற மெட்டுகளை அதே புத்தகத்துக்குள் கொண்டுவந்தவரும் அவர்தான். அவ்வளவு பெரிய இசைக்கலைஞர் பெஞ்சில் நிற்கிறவரின் தொண்டையைப் பற்றி யோசித்திருக்கிறார். நாமும் ஒரு சுரம் இறக்கலாம்.

புதுப் பாட்டே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. புதுப் பாட்டு வேண்டும், நம் காலத்துத் துக்கத்தையும் நீதியையும் பேசும் பாட்டுகள் கட்டாயம் வேண்டும். ஆனால் ஒரு ஆராதனையில் ஒன்று போதும். முந்தின வாரம் ஆர்கனில் அந்த ராகம் முன்னிசையாகக் காதில் விழட்டும், முதல் சரணத்தைப் பாடகர் குழு மட்டும் பாடட்டும், அதே பாட்டு ஒரு மாதத்துக்குள் மூன்று முறை வரட்டும். வார்த்தை புதிது என்றால் ராகமாவது பழையதாக இருக்கலாம். பாட்டுப் புத்தகத்தின் பின்னால் அசைக்கணக்கு அட்டவணை இருப்பது அதற்குத்தான்: 8.6.8.6 (வரிக்கு வரி எட்டு, ஆறு, எட்டு, ஆறு அசை) என்று போட்டிருக்கும் எந்தப் பாட்டும் அதே கணக்குள்ள வேறு ராகத்தில் உட்காரும். எண்ணிக்கை பொருந்தினால் மட்டும் போதாது, அழுத்தம் விழும் இடமும் பொருந்த வேண்டும், ராகம் எதை நினைவுபடுத்துகிறது என்றும் பார்க்க வேண்டும். பெரிய வெள்ளிக்கிழமை வார்த்தைகளைக் கிறிஸ்துமஸ் ராகத்தில் வைத்தால் ஜனங்களின் மனம் சிலுவையண்டை நிற்காது.

நற்கருணை நேரப் பாட்டு பற்றி ஒரே ஒரு விஷயம். பலிபீடத்துக்கு நடந்து போகிறவர் கையில் புத்தகம் இருக்காது. ஆறு சரணப் பாட்டை அங்கே வைத்தால் அதைப் பாடகர் குழுதான் பாடும். பிரான்ஸில் தெய்சே சமூகத்துக்காக ஜாக் பெர்தியே அமைத்தது போன்ற, இரண்டு வரி திரும்பத் திரும்ப வரும் பாட்டுகளை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். வரிசையில் நிற்கிறவர்களும் கண்ணை மூடிக்கொண்டே சேர்ந்துகொள்வார்கள்.

இனி எங்கள் பங்கு, அதாவது ஆந்தம். 1662 ஜெபப் புத்தகமே மூன்றாவது ஜெபத்துக்குப் பிறகு, பாடும் வழக்கமுள்ள இடங்களில் ஆந்தம் வரும் என்று இடம் ஒதுக்கியிருக்கிறது, அதனால் பாடகர் குழு தனியாகப் பாடுவதில் தப்பே இல்லை. மாலை ஆராதனையில் மரியாளின் பாட்டையும் சிமியோனின் பாட்டையும் குழு பாட, சபையார் மௌனமாகக் கேட்பதும் ஜெபம்தான், அதை நான் உயிராக நேசிக்கிறேன். கவலை எங்கே வருகிறதென்றால், மூன்று டெனர்களை (ஆண்களின் மேல்குரல்) வைத்துக்கொண்டு எட்டுக் குரல் ஆந்தத்தில் இறங்கும்போது. தாமஸ் டாலிஸ் யோவான் 14-ஐ வைத்து அமைத்த ஒரு ஆந்தம் உண்டு, நாலே குரல், பெரும்பகுதி கிரான்மர் கேட்டபடியே ஓர் அசைக்கு ஒரு சுரம். எட்டுப் பேர் இருந்தால் பாடிவிடலாம். நற்செய்தியிலேயே அந்த வசனங்கள் வரும் ஞாயிறுகள் உண்டு. அப்படியொரு நாளில் வாசிப்பைக் கேட்டுவிட்டு, அரை மணி நேரம் கழித்து அதே வார்த்தைகள் மெதுவாக நாலு குரலில் எழும்பும்போது ஆலயத்தில் இருமல் சத்தம்கூட நின்றுவிடும். கஷ்டமான துண்டை அரைகுறையாக முடித்த எந்த ஞாயிறிலும் எனக்கு அந்த அமைதி கிடைத்ததில்லை.

நான் கேட்பது இதுதான். வருடத்துக்கு நாலு முறை, ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால், ஆயரும் ஆர்கன் வாசிப்பவரும் பாடகர் குழுத் தலைவரும் ஒரு மாலை சேர்ந்து உட்காருங்கள். வாசக அட்டவணை மேசையில் இருக்கட்டும். பெஞ்சிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிடுங்கள், பாடத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. தேர்வு செய்யும் ஒவ்வொரு பாட்டின் வார்த்தைகளையும் ராகம் இல்லாமல் ஒரு முறை சத்தமாக வாசியுங்கள், விளங்காத வரி அப்போதே தெரிந்துவிடும். போன ஆறு மாதத்தில் எதை எத்தனை முறை பாடினோம் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். லெந்து காலத்தில் அல்லேலூயாவை எடுத்து வைத்துவிடுங்கள், ஈஸ்டர் காலையில் அது திரும்ப வரும்போது சின்னப் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் தெரியட்டும்.

அப்படி உட்காரும் முதல் மாலைக்கு நாற்காலி எடுத்துப் போட, பழைய பட்டியல்களைத் தேடி எடுத்துவர, வாசிக்கச் சொன்னால் வாசிக்க நான் வருகிறேன். அந்த அம்மாவிடமும் கேட்டுவிட்டேன். தோமா ஞாயிறு பாட்டு எது என்று அவர் முதலில் விசாரித்தார், சொன்னதும் இரண்டு சரணம் நின்ற இடத்திலேயே பாடிக் காட்டினார். கூப்பிட்டால் வருவாராம்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
பேஸ் வரிசையிலிருந்து ஒருவன்