தெர்மோஸ்டாட்டைக் கழற்றும் முன் வெப்பத்தை அளந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கத்திரி வெயில் தொடங்கியதும் நெடுஞ்சாலை ஓரங்களில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கார்கள் நிற்கின்றன. பட்டறைக்கு இழுத்துப் போனால் பல இடங்களில் முதல் வேலையாக, இன்ஜின் போதிய சூடேறும்வரை கூலன்ட்டை (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுகிறார்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குங்க?" என்ற பேச்சு இன்னும் வேதவாக்காகவே இருக்கிறது. இது தவறு. தெர்மோஸ்டாட் வேலை செய்கிறதா இல்லையா என்பதை ஒரு போல்ட்கூடக் கழற்றாமல் கால் மணி நேரத்துக்குள் சொல்லிவிடலாம். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் வெப்பமானி இதற்குப் போதும். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்தார்களே, அந்தக் கருவி இதற்கு ஆகாது. அது உடல் சூட்டை மட்டும் அளப்பது. 400 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் அளக்கும் தொழிற்சாலை வகை வேண்டும்.

இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸையும் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கையும் (அது உட்கார்ந்திருக்கும் கூடு) நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஹவுசிங் சூடேறிக்கொண்டே போக, ஹோஸ் அவ்வளவாகச் சூடேறாமல் இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டின் மேலேயே அது திறக்கும் வெப்பநிலை பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் 82 அல்லது 88 டிகிரி. ஹவுசிங் அந்த அளவை எட்டும்போது ஹோஸ் சடாரென்று சூடேறினால் தெர்மோஸ்டாட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஆரம்பம் முதலே ஹவுசிங்கும் ஹோஸும் சேர்ந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் அது திறந்தபடி சிக்கிக்கொண்டது. ஹவுசிங் 100 டிகிரியைத் தாண்டியும் ஹோஸ் சூடேறாமல் கிடந்தால் மூடியபடி சிக்கியிருக்கலாம், அல்லது கூலன்ட் குறைந்து உள்ளே காற்று அடைத்திருக்கலாம். அந்த இடத்தில் இன்ஜினை உடனே நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஓட்டினால் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விடும். ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது.

தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓடும் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வர நெடுநேரம் ஆகும். அதுவரை வண்டியின் கம்ப்யூட்டர் அதைக் குளிர்ந்த இன்ஜினாகவே கணக்கில் எடுத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாக விடும். மைலேஜ் குறையும், ஆயிலில் கசடு சேரும். ரேடியேட்டருக்குப் போகாமல் கூலன்ட் இன்ஜினுக்கே திரும்பும் பைபாஸ் வழியை மூடும் வேலையையும் தெர்மோஸ்டாட்டே செய்கிற இன்ஜின்களில் நிலைமை இன்னும் மோசம். அதைக் கழற்றியதும் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்ற ஆரம்பிக்கும். சூடு குறையட்டும் என்று கழற்றிய வண்டி முன்பைவிட அதிகமாகக் கொதிப்பது இதனால்தான்.

அடுத்து ரேடியேட்டர். முன்பக்கம் ஏ.சி. கண்டென்சர் மறைக்கும் என்பதால் இன்ஜின் பக்கமிருந்து, ஃபேன் கூட்டின் இடைவெளிகள் வழியாக அளக்க வேண்டும். நிறுத்திய வண்டியிலும் ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கலாம். கையை உள்ளே விடாதீர்கள். கூலன்ட் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம்வரை சூடு படிப்படியாகக் குறைந்தால் சரி. நடுவில் ஓரிடம் மட்டும் அக்கம்பக்கத்தைவிட 15, 20 டிகிரி குறைவாகக் காட்டினால் அங்குள்ள குழாய்கள் அடைபட்டிருக்கின்றன. வருடக்கணக்கில் போர்வெல் தண்ணீரை ஊற்றிய ரேடியேட்டரில் இப்படித்தான் உப்புப் படியும்.

மிஸ்ஸிங் அடிக்கும் (ஏதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் தவறும்) வண்டிக்கும் இதே கருவி உதவும். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, முதல் ஓரிரு நிமிடங்களுக்குள் சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு கிளையையும் ஹெட்டிலிருந்து ஒரே தூரத்தில், சுமார் 3 சென்டிமீட்டர் தள்ளி, அளக்க வேண்டும். மூன்று கிளைகள் 140, 150 என்று காட்ட, ஒன்று மட்டும் 75 காட்டினால் அந்தச் சிலிண்டர் எரியவில்லை. நேரம் போகப்போகச் சூடு இரும்பு வழியே பரவி வித்தியாசம் மழுங்கிவிடும். அதனால்தான் தொடக்கத்திலேயே அளக்கச் சொல்கிறோம். இன்ஜினை அணைத்து, அந்தச் சிலிண்டரின் காயிலை (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் சுருள்) பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, ஆறவிட்டு மறுபடி அளங்கள். குளிர்ந்த கிளையும் கூடவே இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர், கடைசியாகக் கம்ப்ரஷன் என்ற வரிசையில் பாருங்கள். பத்துப் பதினைந்து டிகிரி வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓரத்துக் கிளைகளில் காற்றுப் படுவதாலேயே அவ்வளவு வரும். மேனிஃபோல்டு ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்ட சில புதிய இன்ஜின்களில் இந்த முறை செல்லாது.

கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800, அம்பாசடர் போன்ற வண்டிகளின் டியூனிங்குக்கும் ஓரளவு கைகொடுக்கும். பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யும் ஸ்க்ரூவைக் கால் சுற்றுத் திருப்பினால், மேனிஃபோல்டின் சூடு நிலைப்பட ஒரு நிமிடமாவது காத்திருந்து அளக்க வேண்டும். பெட்ரோல் குறைந்த கலவையில் சூடு ஏறும். மிகவும் குறைந்துவிட்டால் எரியாமல் தவறி மறுபடி இறங்கும். இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) பின்தங்கினாலும் மேனிஃபோல்டு சூடேறும் என்பதால், டைமிங் லைட் வைத்து அதைச் சரிசெய்யாமல் கலவையில் கை வைக்கக் கூடாது. உள்ளே ஓடும் புகையின் சூடு வெளிச்சுவரின் சூட்டைவிட மிக அதிகம். ஆகவே டர்போ வண்டிகளைக் கூடுதல் சக்திக்கு மாற்றியமைப்பவர்கள் இதை நம்பக் கூடாது; அங்கே புகைக்குழாய்க்குள் பொருத்தி வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள்தான் வேண்டும்.

கருவி தவறாகக் காட்டுகிறது என்று மூலையில் போட்டவர்கள் பெரும்பாலும் பளபளப்பான அலுமினியத்தை அளந்து ஏமாந்தவர்கள். மலிவான கருவிகளில் கதிர்வீச்சுத் திறன் (ஒரு பரப்பு எவ்வளவு வெப்பத்தை வெளிவிடும் என்ற எண்) 0.95 என்று நிலையாக வைக்கப்பட்டிருக்கும். கறுப்பு ரப்பர் ஹோஸுக்கும் துருவேறிய வார்ப்பிரும்புக்கும் அது ஏறக்குறையப் பொருந்தும். பளபளப்பான உலோகத்தின் உண்மையான சூடு 90 என்றால் கருவி 50கூடக் காட்டலாம். ஹவுசிங்கில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் அளங்கள். மேனிஃபோல்டில் டேப் கருகிவிடும். சைலன்சருக்கு அடிக்கும் வெப்பம் தாங்கும் மேட் கறுப்பு பெயின்ட்டை ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தடவி, காயவிட்டு அளங்கள். இன்னொன்று, லேசர் புள்ளி குறி பார்க்க மட்டுமே. 12:1 என்று எழுதிய கருவி 12 அங்குலத் தொலைவில் ஓரங்குல வட்டத்தின் சராசரியைத்தான் சொல்லும். மூன்றடி தள்ளி நின்றால் அந்த வட்டம் மூன்று அங்குலமாகிப் பக்கத்துப் பாகங்களின் சூடும் கலந்துவிடும்.

ஐ.டி.ஐ. மோட்டார் மெக்கானிக் மாணவர் ஒவ்வொருவர் கையிலும் இந்தக் கருவியைக் கொடுத்து, நல்ல தெர்மோஸ்டாட், சிக்கிய தெர்மோஸ்டாட் இரண்டையும் மாற்றி மாற்றிப் பொருத்தி, வித்தியாசத்தை நிமிடவாரியாக எழுதவைக்கும் செய்முறைப் பாடத்தை நடத்த வேண்டும் என்று பயிற்சித் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மோட்டார் வாகனப் பழுதுநீக்கும் பயிற்றுநர்கள்,
கோயம்புத்தூர்.