ஆறுபடி வாற்கோதுமை

அன்புள்ள ரூபி,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. ஐந்து மாதமாக உனக்கு ஒரு வரிகூட நான் எழுதவில்லை. "கர்த்தர் நல்லவர் என்று இன்னொருத்தர் வந்து சொன்னால் கதவைச் சாத்திவிடுவேன்" என்று உன் வீட்டுக்காரர் இறந்துபோன மூன்றாம் வாரம் எழுதியிருந்தாயே, அந்தக் கடிதம் என் வேதாகமத்துக்குள்தான் இருக்கிறது. பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் நீ கதவைச் சாத்துகிற மாதிரியே வந்தது, கிழித்துப் போட்டேன். மன்னித்துக்கொள்.

இங்கே எல்லாரும் சுகம். பெரியவன் வேலைக்குப் போகிறான். சின்னவள் உன்னைப் போலவே வாயாடி, உன் பெயரைச் சொல்லித்தான் திட்டுகிறேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வேதாகமப் பெண்களின் வாழ்க்கையில் தேவ தயவு என்று பெண்கள் கூட்டத்தில் பேசும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். ரூத்தின் புத்தகத்தை எடுத்தேன். சண்டே ஸ்கூலில் நடித்தோமே, நினைவிருக்கிறதா? நான் மருமகள் ரூத், நீ மாமியார் நகோமி. நீ அழுத அழுகையில் டீச்சரே பயந்துபோனார்.

இந்தத் தடவை ரூத்தை விட்டுவிட்டு நகோமியையே பார்த்துக்கொண்டு படித்தேன். பஞ்சத்துக்காக மோவாபுக்குப் போனவள், புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் அங்கே புதைத்துவிட்டுப் பெத்லகேமுக்குத் திரும்புகிறாள். ஊர்ப் பெண்கள் கூடி, இவள் நகோமியா என்று கேட்கிறார்கள். இனிமை என்று பொருள்படும் அந்தப் பெயர் இனி வேண்டாம், கசப்பு என்று அர்த்தம் வரும்படி மாராள் என்று கூப்பிடுங்கள் என்கிறாள். நிறைவாய்ப் போனேன், கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பிவரப் பண்ணினார் என்று நேராக அவர்மேலேயே பழியைப் போடுகிறாள்.

இது அவிசுவாசம், முறுமுறுப்பு என்று எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருப்போம்! நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஆனால் ரூபி, 4 அதிகாரம், 85 வசனம் முழுக்கத் தேடிப் பார்த்தேன். அந்தப் பேச்சுக்காக நகோமியை ஒருவரும் கடிந்துகொள்ளவில்லை. தூதனும் வரவில்லை, தீர்க்கதரிசியும் வரவில்லை. அந்தப் புத்தகத்தில் கர்த்தர் வாய் திறந்து ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. யோபுவுக்கு வாய்த்த மூன்று சிநேகிதர்களைப்போல விளக்கம் சொல்லவும் யாரும் வரவில்லை. வந்தது தானியம்தான்.

அந்த இடத்தை நீயே எடுத்துப் படி, மூன்றாம் அதிகாரம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத அந்த இருட்டில், போர்வையை விரித்துப் பிடி என்று ரூத்திடம் சொல்கிறான் நகோமி புருஷனின் உறவினன் போவாஸ். ஆறுபடி வாற்கோதுமையை அளந்து போட்டு அவள்மேல் தூக்கிவிடுகிறான். மாமியாரிடம் வெறுமையாய்ப் போகாதே என்று அவன் சொன்னதாக ரூத் வந்து சொல்கிறாள். வெறுமையாய்! அன்றைக்கு நகோமி கசந்து சொன்ன அதே சொல். எபிரெயத்திலும் இரண்டு இடத்திலும் ரேக்காம் என்ற ஒரே வார்த்தைதான். அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவள் முறையிட்ட சொல் கீழே விழவில்லை, ரூபி. யாரோ கேட்டு வைத்திருந்து, அந்தச் சொல்லுக்கே படியால் அளந்து பதில் கொடுத்திருக்கிறார்.

கூட்டத்தில், சாராயின் கடினம் தாங்காமல் ஓடிப்போன அவளுடைய அடிமைப்பெண் ஆகாரைப் பற்றியும் பேசினேன். ஆபிராமும் அவன் மனைவி சாராயும் ஆதியாகமம் பதினாறாம் அதிகாரத்தில் ஒரு தடவைகூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அடிமைப்பெண் என்றே பேசுகிறார்கள். வனாந்தரத்து நீரூற்றண்டையில்தான், ஆகாரே, எங்கேயிருந்து வருகிறாய் என்று தூதன் கேட்கிறான். அங்கேயும் முதலில் விளக்கம் வரவில்லை, வந்தது கேள்விதான். ஆனால் அடுத்ததாகவே, திரும்பிப்போய் உன் நாச்சியாருக்கு அடங்கியிரு என்கிறானே, அது எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து அதையே கேட்டாள். எனக்குத் தெரியவில்லை அம்மா என்றேன். வேறென்ன சொல்ல?

அப்புறம் ஒன்று. நகோமியின் புருஷன் திரும்பி வரவில்லை. பிள்ளைகள் மக்லோனும் கிலியோனும் வரவில்லை. கடைசியில் ரூத்துக்குப் பிறந்த ஓபேத்தை மடியில் வைத்து வளர்க்கிறாள். அந்தப் பிள்ளை போனவர்களுக்கு ஈடு என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்கிறவர்கள் அக்கம்பக்கத்துப் பெண்கள்தான். அந்தக் கடைசி அதிகாரத்தில் நகோமி பேசுவதாக ஒரு வசனம்கூட இல்லை. அவள் பிள்ளையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான். அவள் வாயிலிருந்து எதையும் வரவழைக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. இதை உன்னிடம் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

வருகிற வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டியில் வருகிறேன். அவருடைய பென்ஷன் தாள்கள் பெட்டியிலேயே கிடக்கின்றன, தொட மனம் வரவில்லை என்று எழுதியிருந்தாய் அல்லவா? நானே உட்கார்ந்து அடுக்கி, எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன், நீ கையெழுத்து மட்டும் போடு. வண்டி விடியுமுன்னே வந்துவிடும். எனக்காக எழுந்திருக்க வேண்டாம், சாவியைப் பழைய இடத்திலேயே வை.

உன்
சாந்தி