செயலரின் ஆண்டறிக்கை 2023–24: அந்தி வானில் ஒரு மங்கல் வால்மீன்

வானியல் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். ஜூலை 2023 முதல் ஜூன் 2024 வரையிலான அறிக்கை இது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதக் கூட்டங்களும் பள்ளி முகாம்களும் வழக்கம்போல் நடந்தன. இந்த ஆண்டின் முக்கியப் பணி 12பி பான்ஸ்–புரூக்ஸ் வால்மீன். அடுத்து வரும் வால்மீன்களுக்கும் பயன்படும் என்பதால் அதை மட்டும் சற்று விரிவாகப் பதிகிறேன்.

1812-இல் பான்ஸும் 1883-இல் புரூக்ஸும் கண்ட வால்மீன் இது. ஏறத்தாழ 71 ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. ஜூலை 2023-இல் வெடித்துப் பொலிவு கூடி, கொம்பு முளைத்ததுபோல் தெரிந்தபோது ‘பிசாசு வால்மீன்’ என்று செய்திகளில் அடிபட்டது. கொம்பைத் தேடி வந்தவர்கள் ஏமாந்ததில் வியப்பில்லை. மார்ச் இறுதியில் பொலிவெண் (எண் கூடினால் மங்கல் என்று பொருள்) 4.5 முதல் 5 வரை இருந்தாலும், அந்த ஒளி ஒரு புள்ளியில் குவியாமல் பரவிக் கிடந்தது. அதே எண்ணுள்ள விண்மீன் தெரியும் வானத்தில் வால்மீன் தெரியாமல் போவது இதனால்தான்.

மார்ச் 31 மாலை அது ஹமாலுக்கு, அதாவது மேஷத்தின் தலைமை விண்மீனுக்கு, வெகு அருகில் இருந்தது. கோவையில் அன்று சூரியன் மறைந்தது சுமார் 6:33. சூரியன் அடிவானுக்கு 12 பாகை (டிகிரி) கீழே இறங்கிய 7:18-க்கு வால்மீன் 12 பாகை உயரத்தில், நேர் மேற்கிலிருந்து 22 பாகை வடக்கே தள்ளி நின்றது. வானம் முழுதும் இருண்ட 7:43-க்கோ ஆறரைப் பாகைதான். முழு இருட்டுக்குக் காத்திருந்தால் கோடைப் புழுதி விழுங்கிவிடும். அவசரப்பட்டால் அந்தி வெளிச்சம் மூழ்கடிக்கும். 7:15 முதல் 7:35 வரைதான் நமக்குக் கிடைத்த நேரம்.

கோவைக்கு மேற்கே மலை என்பது இங்கே பெரிய தொல்லை. 1,200 மீட்டர் உயர மலை 15 கிலோமீட்டர் தொலைவிலிருந்து நாலரைப் பாகையை மறைக்கும். கிழக்கே பல்லடம் பக்கம் போனால் இது இரண்டு பாகை அளவுக்குக் குறையும். பத்து நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். மொட்டைமாடியே போதும் என்று வாதிட்டவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவும்.

தேடும் முறை: சூரியன் முழுதாக மறையும்வரை பைனாகுலரை மேற்கே திருப்பவே கூடாது. மறைந்ததும் முதலில் தெரியும் வியாழனில் குவியத்தைச் சரிசெய்து, அதை அப்படியே விட்டுவிட வேண்டும். குவியம் சற்றுப் பிசகினாலும் மங்கிய வால்மீன் கரைந்துவிடும். வியாழனிலிருந்து கீழே வலப்பக்கமாக 10×50 பைனாகுலரின் (10 மடங்கு உருப்பெருக்கம், 50 மி.மீ. வில்லை) பார்வை வட்டம் இரண்டு அளவு நகர்ந்தால் ஹமால். அங்கிருந்து பார்வையைச் சற்று விலக்கி ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும். கையில் பிடித்தால் நடுக்கமே பாதியைத் தின்றுவிடும்; முக்காலி அவசியம். அந்தியில் 15×70 நன்றாக உதவியது. உருப்பெருக்கம் கூடும்போது பின்னணி வானம் இருளும். மேற்கே விமானப் புகைக்கோடு தெரிந்தால் வால் என்று கூவ வேண்டாம். அது சில நிமிடங்களில் நகர்ந்து கலையும். வால்மீனின் வால் சூரியனுக்கு எதிர்ப்புறமாக மேல்நோக்கி நீளும்.

பொலிவை மதிப்பிட, வால்மீனின் குவிந்த தோற்றத்தை மனத்தில் வாங்கி, ஒப்பீட்டு விண்மீன்களைக் குவியம் கலைத்து அதே அளவுக்கு உப்பவைத்துப் பார்த்தோம். மேஷத்தின் காமா (பொலிவெண் 3.9), லாம்டா (4.8), கப்பா (5.0) ஆகிய மூன்று விண்மீன்களும் போதுமானவை; ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்ததால் காற்றுமண்டல இழப்பும் பெரிதாகக் குழப்பவில்லை. பதிவில் உலக நேரம் (நம் நேரத்திலிருந்து 5:30 கழிக்க), கருவி, தலையின் விட்டம், ஒளி நடுவில் எவ்வளவு குவிந்திருக்கிறது என்பதைக் காட்டும் 0 முதல் 9 வரையிலான செறிவு ஆகியவை இல்லாவிட்டால் அந்த மதிப்பீட்டால் யாருக்கும் பயனில்லை.

படம் எடுப்போருக்கு: 135 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 800, 2 விநாடி. அதற்கு மேல் போனால் விண்மீன்கள் கோடாக இழுபடும். ஒரே நீண்ட படத்தைவிட, குறைந்த நேரப் படங்கள் பலவற்றை எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதே மேல். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட வேண்டும்.

ஏப்ரல் 10 அன்று பிறையும் வியாழனும் பக்கத்தில் நின்றதால் புதியவர்களும் இடத்தைப் பிடித்தார்கள். ஏப்ரல் 21-இல் சூரியனுக்கு மிக அருகே சென்றபின் வால்மீன் தெற்கே இறங்கிவிட்டது.

வரும் அக்டோபர் (2024) இரண்டாம் வாரம் முதல் சி/2023 ஏ3 சுசின்ஷான்–அட்லஸ் வால்மீன் மாலை மேற்கில் வரவேண்டும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதே தொடங்கும் என்பதால் ஒரே நாளை மட்டும் நம்பாமல் தொடர்ந்து சில மாலைகளை ஒதுக்கலாம். பைனாகுலரை முக்காலியில் பொருத்தும் இன்னொரு எல்-பிராக்கெட் வாங்கச் செயற்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.