லுவா சாண்ட்பாக்ஸ் ஓட்டைகளை அடைக்க உதவியவர்களுக்கு நன்றி மடல்

பர்கூர், பாலக்கோடு, ஓசூர், காவேரிப்பட்டினம் நண்பர்களுக்கு வணக்கம்.

மாணவர்கள் எழுதும் லுவா 5.4 மொழி புரோகிராம்களை, கணினியின் மற்ற பகுதிகளைத் தொட முடியாதபடி அடைத்து வைத்து ஓட்டிப் பார்க்கும் நம் சாண்ட்பாக்ஸ் மாட்யூலில் இருந்த ஓட்டைகள் அடைபட்டுவிட்டன. யார் எதைப் பிடித்துக் கொடுத்தார்கள் என்பது பதிவாக வேண்டும், அதற்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி பர்கூர் மாணவிகளுக்கு. கணினி, கோப்புகள், லுவாவின் உள்வேலைகள் ஆகியவற்றைத் தொட வழிவிடும் 'ஓஎஸ்', 'ஐஓ', 'டீபக்' மூன்றையும் எடுத்துவிட்டுச் சுத்தமான டேபிளைத்தான் (புரோகிராம் பயன்படுத்தக்கூடிய பெயர்களின் பட்டியல்) உள்ளே கொடுத்திருந்தோம். சரமாக (எழுத்துத் தொடராக) தரும் புரோகிராமை ஃபங்ஷனாக மாற்றும் 'லோட்' மட்டும் அசலாகவே இருந்தது. அவர்கள் அனுப்பியது ஒரே வரி: 'ரிட்டர்ன் ஓஎஸ்' என்ற சரத்தை லோட் செய்து, வந்த ஃபங்ஷனைக் கூப்பிடு. நான்காவது ஆர்குமென்ட்டாக என்விரான்மென்ட் (அந்த ஃபங்ஷன் பார்க்க வேண்டிய டேபிள்) தராவிட்டால் லோட் உண்மையான குளோபல் டேபிளையே எடுத்துக்கொள்ளும். அசல் 'ஓஎஸ்' கைக்கு வந்துவிட்டால் அடுத்தது கணினிக்கே கட்டளையிடும் 'எக்ஸிக்யூட்' தான். மாந்தோப்பைச் சுற்றி முள்வேலி போட்டுவிட்டுப் படலைத் திறந்து வைத்த கதை!

இப்போது உள்ளே போவது நாமே எழுதிய லோட். மூன்றாவது ஆர்குமென்ட் எப்போதும் 'டி' (டெக்ஸ்ட் மட்டும்), நான்காவது சாண்ட்பாக்ஸ் டேபிள். பயனர் வேறு எதைக் கொடுத்தாலும் எடுபடாது. மூன்றாவதை விட்டுவிட்டால் லோட் பைட்கோடையும் (முன்பே கம்பைல் செய்த வடிவம்) ஏற்கும். லுவா பைட்கோடைச் சரிபார்ப்பதில்லை, திட்டமிட்டுக் கெடுத்த பைட்கோடு இன்டர்பிரட்டரையே கவிழ்த்துவிடும்.

பாலக்கோட்டு அண்ணன் காட்டியது சரங்களின் மெட்டாடேபிளை (சரங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் டேபிள்). உள்ளே கொடுத்த ஸ்ட்ரிங் டேபிளின் நகலில், சரத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கி நீட்டும் 'ரெப்'பை நீக்கியிருந்தோம். ஆனால் எந்தச் சரத்தின் பின்னாலும் கோலன் போட்டு 'ரெப்' என்று கூப்பிட்டால் அது நகலுக்குப் போகாது, அசல் டேபிளுக்குப் போகும். ஓர் எழுத்தை 100 கோடி முறை நீட்டினால் ஏறக்குறைய 1 ஜிபி மெமரி காலி. அது சி மொழியில் எழுதிய ஒரே ஃபங்ஷனுக்குள் நடப்பதால், லுவா இன்ஸ்ட்ரக்ஷன்களை எண்ணி அளவு மீறினால் நிறுத்தும் ஹூக் குறுக்கே வராது. லுவா ஸ்டேட் (புரோகிராம் ஓடும் இன்டர்பிரட்டர்) உருவாக்கும்போதே, 32 எம்பி வரம்புள்ள, மெமரி ஒதுக்கும் அலகேட்டரைக் கொடுத்ததும் பிரச்சினை தீர்ந்தது.

ஓசூர் அக்காவின் குறிப்பு நுட்பமானது. 'டீபக்.செட்ஹூக்' வழியாக லுவா பக்கமிருந்து போடும் ஹூக் அந்த ஒரு த்ரெட்டுக்கு மட்டுமே. கொரூட்டினுக்குள் (இடையில் நிறுத்தித் தொடரக்கூடிய, லுவாவின் தனி த்ரெட்) முடிவில்லாத லூப் போட்டால் அதற்குத் தெரியவே தெரியாது. சி பக்கமிருந்து போட்டால், பிறகு பிறக்கும் கொரூட்டின்களுக்கும் அது ஒட்டிக்கொள்ளும். அப்படியே மாற்றிவிட்டோம். ஆனாலும் ஒவ்வொரு கொரூட்டினும் எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால், ஹூக்கை மட்டும் நம்பக் கூடாது என்று அவரே எச்சரித்தார்.

அது சரிதான் என்று காவேரிப்பட்டினத்துத் தம்பி மூன்று வரியில் காட்டினார்: ஹூக் வீசும் பிழையை, பிழைகளைப் பிடிப்பதற்கென்றே உள்ள 'பிகால்' பிடித்துக்கொள்ளும், வெளியே இன்னொரு லூப் இருந்தால் நிறுத்தவே முடியாது. ஆகவே ஒவ்வொரு புரோகிராமும் இனி தனி பிராசஸில், 2 விநாடி சிபியு வரம்போடு ஓடும். நேரம் தாண்டினால் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னலே நிறுத்திவிடும்.

நீளமான ஆலோசனைகளும் வந்தன, அவற்றுக்கும் நன்றி. ஆனால் வேலையை முடித்துக் கொடுத்தவை இந்தச் சின்னச் சின்ன ஸ்கிரிப்ட்கள்தாம். எல்லாவற்றையும் டெஸ்ட்டுகளாகச் சேர்த்துவிட்டோம்.

பழைய பிரதியை ஓட்டுகிறவர்கள் 'லோட்'டோடு கோப்புகளிலிருந்து புரோகிராமை ஏற்றும் 'லோட்ஃபைல்', 'டூஃபைல்', 'ரெக்வயர்' மூன்றும் உள்ளே இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். இருந்தால் அந்த மூன்றையும் யோசிக்காமல் நீக்கிவிடுங்கள்.

நன்றியுடன்,
மாட்யூலைப் பராமரிப்பவர்கள்,
கிருஷ்ணகிரி