எடை கூடியவரோடு மோதுவதை யார் தீர்மானிப்பது?

ஆசிரியர் அவர்கட்கு,

எடை குறைந்த குத்துச்சண்டை வீரர்கள் ஹெவிவெயிட் சம்பியன்களுக்குச் சவால் விடுவது பணத்துக்காக நடத்தப்படும் வேடிக்கை என்றும், அத்தகைய போட்டிகளைத் தடைசெய்ய வேண்டும் என்றும் ஒரு கருத்து அண்மையில் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியாகியிருந்தது. பாடசாலைக் காலத்தில் கையுறை அணிந்தவன், இன்று குத்துச்சண்டை பழகும் மகனுக்குத் தகப்பன் என்ற இரு வகையிலும் அக்கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஆயினும் அதை எழுதியவரின் அச்சத்தில் நியாயம் இருப்பதையும் நான் அறிவேன்.

நடு எடைப் பிரிவின் சம்பியனாக இருந்த பொப் பிட்ஸ்சிமன்ஸ், 1897 மார்ச் 17ஆம் திகதி அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஹெவிவெயிட் சம்பியன் ஜேம்ஸ் கோர்பெட்டைச் சந்தித்தபோது அவருடைய எடை 167 இறாத்தல் மட்டுமே. போட்டியின் பெரும்பகுதியில் அடி வாங்கியவர் அவர்தான். 14ஆம் சுற்றில் நெஞ்சுக்குழியில் இறங்கிய ஒரேயொரு இடக்கைக் குத்தில் கோர்பெட் மூச்சுத் திணறி முழந்தாளிட்டார். எண்ணி முடிப்பதற்குள் அவரால் எழ முடியவில்லை. இத்தகைய ஒரு வெற்றியை வேடிக்கை என்று எவ்வாறு ஒதுக்குவது?

நம் காலத்து உதாரணம் உக்ரைன் வீரர் ஒலெக்சாண்டர் உசிக். ஹெவிவெயிட்டுக்கு அடுத்த கீழ்ப் பிரிவான, 200 இறாத்தலை உச்ச எல்லையாகக் கொண்ட குரூசர்வெயிட்டில் நான்கு பிரதான பட்டங்களையும் 2018இல் தனதாக்கிக்கொண்ட அவர், உடனே ஹெவிவெயிட் சம்பியனின் முன் போய் நிற்கவில்லை. 2019இல் மேல் பிரிவில் முதற் போட்டி, 2020இல் டெரெக் சிசோராவுடன் கடினமான 12 சுற்றுகள், அதன் பின்னரே 2021 செப்டெம்பரில் லண்டனில் அன்டனி ஜோசுவா. 2024 மே மாதம் ரியாத்தில் டைசன் பியூரியுடன் அவர் மோதியபோது கொழும்பில் விடியவில்லை. நானும் மகனும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தோம். ஒன்பதாம் சுற்றில் உசிக்கின் இடக்கை பட்டதும் அந்த மாபெரும் மனிதர் கயிற்றுக்குக் கயிறு தள்ளாடியதையும், மத்தியஸ்தர் இடையில் புகுந்து எண்ணியதையும் இருவரும் எழுந்து நின்றே பார்த்தோம். அதே ஆண்டு டிசெம்பரில் நடந்த மறுபோட்டியில் பியூரியின் எடை 281 இறாத்தல், உசிக்கின் எடை 226 இறாத்தல். இடையிலிருந்த 55 இறாத்தல், கடையில் நாம் தூக்கும் 25 கிலோகிராம் அரிசி மூட்டை ஒன்றுக்குச் சமமானது. எடை கூடியவர் குத்தினால் மட்டும் வலிப்பதில்லை. கட்டிப்பிடிக்கும்போது அந்த மூட்டையைக் கழுத்திலும் தோளிலும் சாய்த்து, எதிராளியின் கால்களைச் சோரவைத்துவிடுவார். அந்தப் பிடிக்குள் அகப்படாமல் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும் கால்களை ஓரிரு மாதங்களில் யாரும் பெற்றுவிட முடியாது.

தோற்றவர்களையும் மறைக்க நான் விரும்பவில்லை. 1941இல் ஹெவிவெயிட் சம்பியன் ஜோ லூயிஸுக்கு எதிராக 12 சுற்றுகள் முடிவில் இரண்டு நடுவர்களின் கணக்கில் முன்னிலையில் இருந்த, எடை குறைந்த பில்லி கொன், 13ஆம் சுற்றில் லூயிஸை வீழ்த்தியே தீர்வது என்று நெருங்கிச் சென்று, அச்சுற்று முடிய இரண்டு விநாடிகள் இருக்கையில் தானே வீழ்ந்தார். ரோய் ஜோன்ஸ் 2003 மார்ச்சில் 193 இறாத்தலுடன் 226 இறாத்தல் கொண்ட ஜோன் ரூயிஸை வென்று, அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் 175 இறாத்தல் பிரிவுக்குத் தன் உடலைக் குறைத்துக்கொண்டு வந்தார். அங்கு நடந்த போட்டியில் தட்டுத்தடுமாறி வென்றாலும், அடுத்த மே மாதம் அன்டோனியோ டார்வரிடம் இரண்டாம் சுற்றிலேயே விழுந்தார். அவரைக் கெடுத்தது மேலே ஏறியதன்று, அவசரமாக இறங்கியதே என்பது என் கருத்து. எவ்வாறாயினும் அவர்கள் அனைவரும் வளர்ந்த மனிதர்கள். எதிராளியின் எடையை இறாத்தல் கணக்கில் அறிந்து, தாமே விரும்பி மேடை ஏறியவர்கள்.

என் மகனுக்கு அந்த வாய்ப்புத் தரப்படவில்லை. சென்ற ஆண்டு கொழும்பில் நடந்த நட்புறவுப் போட்டி ஒன்றில், அவனுடைய எதிராளி வராததால், ஏழு கிலோகிராம் கூடிய ஒரு பையனோடு மோதுமாறு கடைசி நேரத்தில் சொன்னார்கள். பதினாறு வயதுப் பிள்ளை, எல்லோர் முன்னிலையிலும் முடியாது என்று எப்படிச் சொல்வான்? அடுத்த மூன்று நாட்கள் தாடை வலியால் பாணைப் பருப்புக் கறியில் ஊறவைத்தே சாப்பிட்டான். உசிக் செய்யவில்லையா என்று பொறுப்பாளர் ஒருவர் என்னைச் சமாதானப்படுத்தியதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. உசிக் அதற்கு ஆண்டுக்கணக்கில் ஆயத்தம் செய்தார். என் மகனுக்குக் கிடைத்தது பத்து நிமிடம்.

1938இல் சிட்னியில் நடந்த பேரரசு (இன்றைய பொதுநலவாய) விளையாட்டுப் போட்டிகளில் இந்நாட்டுக்கு முதல் தங்கத்தை வென்று தந்த பார்னி ஹென்றிகஸ் இறகு எடைப் பிரிவு வீரர். மெலிந்த உடல்வாகுள்ள நம் பிள்ளைகளுக்குச் சிறு எடைப் பிரிவுகளில் இன்றும் இடம் உண்டு. ஆகவே தடை கேட்பதற்குப் பதிலாகத் தங்களிடம் ஒன்றை வேண்டுகிறேன். பாடசாலை, கழகக் குத்துச்சண்டை முடிவுகளைப் பிரசுரிக்கும்போது, இரு வீரர்களும் அன்று தராசில் காட்டிய எடையையும் பெயருக்குப் பக்கத்தில் அச்சிடுங்கள். மறுநாள் பத்திரிகையில் அந்த இரு எண்களும் வெளிவரும் என்று தெரிந்தால், பொருத்தமற்ற சோடிகளை மேடையேற்றப் பொறுப்பாளர்கள் தயங்குவார்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
வீரர் ஒருவரின் தந்தை,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.